மாமனாருக்கு நான் எழுதிய இரண்டு சரித்திரங்கள்

அன்று பள்ளிக்கூட மண்டபத்தில் மூன்றாம் மேசையைச் சுற்றி இருந்தவர்கள் மொத்தம் ஆறு பேர். என் மாமனார் வேலாயுதம், வயது எண்பத்தொன்பது, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் குட்டை நாற்காலியில் முழங்கால் நெஞ்சில் முட்ட உட்கார்ந்திருந்தார். அவருடைய மகளும் என் மனைவியுமான ராஜேஸ்வரி, கையில் தேத்தண்ணீர்ப் போத்தலோடு. பிரஜாவுரிமை விண்ணப்பங்களைப் பார்க்க வந்த சிங்கள அதிகாரி, தடிமன் பிடித்து ஒழுகும் மூக்கோடு. முதிய கலைஞர்களுக்குக் கொடுப்பனவு வழங்க ஆள் பார்க்க வந்த தமிழ் மிஸ். எங்கள் பகுதிக் கிராம சேவகர். ஆறாவது ஆள் நான். இவ்வளவுதான். இதை ஏன் இத்தனை கண்டிப்பாகச் சொல்கிறேன் என்றால், இன்றைக்குப் பலாங்கொடை பஸ் ஸ்டாண்டில் போய் நின்றால் 'நானும் அங்கதான் நின்னேன், என் கண்ணால பார்த்தேன்' என்று சொல்ல அறுபது பேர் இருக்கிறார்கள். பொய். மண்டபத்தில் நானூறு பேர் இருந்தது உண்மை. மேசைப் பக்கத்தில் ஆறு பேர்தான்.

என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். எனக்குப் பாம்பு, பேய், தோட்டத்துத் துரை எதற்கும் பயமில்லை. கடதாசிக்குத்தான் பயம். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். அப்பா மலையில் வழுக்கி விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்ட வருடம் பலாங்கொடை பஜாரில் ஒரு சாமான் கடைக்கு வெங்காயம் நிறுக்கப் போனேன். பத்து வருடத்தில் பில் எழுதுகிற ஸ்டூலுக்கு உயர்ந்தேன். தமிழும் சிங்களமும் எழுதத் தெரியும் என்பதால் தேயிலைத் தோட்டத்துச் சனங்கள் மனு, பெட்டிசம் எழுத என்னிடம்தான் வருவார்கள். அங்கேதான் என் வியாதி வெளிப்படும். கேட்டதை மட்டும் எழுத எனக்குக் கை வராது. தொழிலாளர் லயத்துக் கூரை ஒழுகுகிறது என்று ஒருவர் எழுதச் சொன்னார். ஒழுகும் கூரை இடிந்தால் யார் பொறுப்பு, இடிந்து ஆள் செத்தால் பிரேதத்தை யார் எடுப்பது, செத்தவரின் பிள்ளைகள் கதி என்ன என்பது வரை எழுதினால்தான் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கும். அப்படியே எழுதிக் கொடுத்தேன். மறுநாள் துரை ஜீப்பில் பறந்து வந்து, "பொடி எங்கே?" என்று பிரேதத்தைக் கேட்டார். (கூரை இன்னும் ஒழுகுகிறது.)

மாமனார் எனக்கு நேர்மாறு. ஒரு சொல் கூடுதலாகப் பேசமாட்டார். அடுத்தவரையும் பேசவிடமாட்டார். பெண் பார்க்கப் போன அன்று, என் சம்பளம் இவ்வளவு, கடை எந்த நாளும் மூடப்படலாம், எங்கள் குடும்பத்தில் ஆண்கள் நெஞ்சுவலியில் போகிறவர்கள் என்று கால் மணி நேரம் விளக்கிக்கொண்டிருந்தேன். பின்னால் ஒன்றும் மறைத்துவிட்டேன் என்று சொல்லக் கூடாதே என்ற பயம். அவர் கையை உயர்த்தினார்.

"மாப்ள, வசனம் ஜாஸ்தியா இருக்குங்க. கடைசி வரிய மட்டும் சொல்லுங்க."

"பொண்ணப் பிடிச்சிருக்குங்க."

"ம். இந்தக் காட்சிக்கு அது போதும்."

அப்போது எனக்கு அவர் யார் என்று தெரியாது. கல்யாணத்துக்குப் பிறகு ராஜேஸ்வரிதான் சொன்னாள்: அப்பா ஒரு காலத்தில் பேசும் படத்துக்கு வசனம் எழுதியவர்.

தோட்டத்தில் பிறந்தவர், இருபத்தொரு வயதில் இரத்தினபுரிக்கு வந்த நாடகக் கம்பெனி ஒன்றின் பின்னால் போய்விட்டார். தலைமன்னார்க் கப்பல் ஏறி மெட்ராஸ் வரை போனார். நாடகத்தில் அவருக்கு வேலை, திரைக்குப் பின்னால் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு மறந்துபோன வரியை எடுத்துக் கொடுப்பது. படங்கள் பேசத் தொடங்கிய புதிது. கம்பெனி முதலாளிகள் நாடகக்காரர்களை மூட்டையாகத் தூக்கிக்கொண்டு போன காலம். ஒரு படத்துக்கு நாற்பது பாட்டு இருக்கும். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் ஆட்கள் ஏதாவது பேசித்தானே ஆக வேண்டும்? அந்த 'ஏதாவது'தான் என் மாமனாரின் உத்தியோகம்.

படம் பிடிக்கும்போதே பேச்சையும் பிடிக்க வேண்டுமாம். ஒரேயொரு மைக். அதைப் பூந்தொட்டிக்குள் ஒளித்து வைப்பார்கள். தொட்டியை விட்டு நாலடி தள்ளிப் போனால் ராஜா ஊமையாகிவிடுவார். ஆகவே போருக்குக் கிளம்பும் ராஜாவையும் தொட்டிக்குப் பக்கத்தில் நிறுத்திவைப்பது வசனம் எழுதுகிறவன் பொறுப்பு. 'மந்திரியே, களம் புகுமுன் இம்மலர்களை ஒருமுறை கண்டு செல்வேன்' என்று எழுதுவாராம். கொட்டகைக்கு மேலே காகம் கத்தினால் பிலிம் வீண். விரட்டுவதற்குக் கல்லோடு இரண்டு பேரைச் சம்பளத்துக்கு வைத்திருந்தார்களாம். அதற்கும் அடங்காத காகம் கத்தினால், அந்த இடத்திலேயே ஒரு வரி எழுதிக் கதாநாயகி கையில் கொடுக்க வேண்டும்: 'கேட்டாயா தோழி, தூது வந்துவிட்டது.' பிலிம் பவுன் விலை விற்ற நாள். ஒரு தடவை பிடித்ததை இன்னொரு தடவை பிடிக்க முதலாளி விடமாட்டார்.

ஏழு வருடம், ஏழு படம். ஒன்றிலும் அவர் பெயரைப் போடவில்லை. பாட்டு எழுதியவர் பெயர், பாடியவர் பெயர், சாமி வேஷத்துக்குப் பாம்பு கொண்டுவந்தவர் பெயர் எல்லாம் திரையில் வந்ததாம். கொட்டகை வாசலில் விற்கும் பாட்டுப் புத்தகம் ஒன்றில் மட்டும், கடைசிப் பக்கத்தில், மருந்து விளம்பரத்துக்குக் கீழே, எறும்பு மாதிரி எழுத்தில் ஒரு வரி: 'வசன உதவி: இலங்கை வேலாயுதம்.' யுத்தம் வந்தது. பட்டணத்தைக் காலி செய்துகொண்டு சனங்கள் ஓடினார்கள். பிலிம் வருவது நின்றது, கம்பெனி மூடியது. அவர் டிரங்குப் பெட்டியோடு தோட்டத்துக்குத் திரும்பினார். அடுத்த வாரம் தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டுகிற கத்தியைக் கையில் எடுத்தவர், நாற்பது வருடம் அதைக் கீழே வைக்கவில்லை.

திரும்பி வந்த சில வருடத்தில் பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டிருக்கிறார். 'இடையில் நாட்டை விட்டுப் போனதுண்டா?' என்று கேட்டார்களாம். 'ஏழு வருஷம் மெட்ராஸ்ல இருந்தேன்' என்று உண்மையைச் சொன்னார். மனு தள்ளுபடி. அதோடு அவர் எந்த நாட்டுக்காரரும் இல்லை என்றாகிவிட்டது. பிற்பாடு மகளுக்குக் கிடைத்தது. இவர் திரும்ப மனுப் போட மறுத்துவிட்டார். "ஒரு தடவ வேணாம்னு சொன்னவன் வாசல்ல திரும்பப் போய் நிக்கிறதா?" அடையாள அட்டை இல்லாத தமிழன் சண்டை நடந்த நாட்களில் ரோட்டில் இறங்குவது எப்படி என்று நான் சொல்லத் தேவையில்லை. ஒருமுறை பல்லுக்கு மருந்து எடுக்கப் போனவரைச் சோதனைச் சாவடியில் இறக்கி இரண்டு நாள் வைத்திருந்தார்கள். எண்பத்திரண்டு வயது அப்போது. திரும்பி வந்தவர் அதைப் பற்றி ஒரே வரிதான் பேசினார்: "அவனுங்க கால் சப்பாத்தப் பார்த்துப் பேசச் சொன்னானுங்க." அதற்குப் பிறகு ஏழு வருடம் தோட்டத்துக் கேட்டைத் தாண்டவில்லை.

அப்படிப்பட்டவர் மனம் மாறியதற்குக் காரணம் என் அடையாள அட்டை. பழையது கிழிந்து நான் புதிதாக எடுத்து வந்திருந்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சிங்களம் மளமளவென்று பேசுவார், வாசிக்கத் தெரியாது.

"இந்தக் கோட்டுல என்ன எழுதிருக்கு?"

"தொழில்ங்க மாமா. கடை ஊழியர்னு போட்டிருக்கு."

"தொழில் போடுறாங்களா இதுல?" அந்தக் கோட்டை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு, "அப்ப எனக்கும் ஒண்ணு எடுங்க மாப்ள. வசனகர்த்தான்னு போடச் சொல்லுங்க. திரையில போடாதத கார்டுலயாவது போடட்டும்."

அவர் வாழ்க்கையில் என்னிடம் கேட்ட ஒரே காரியம் அது.

சண்டை நின்றிருந்த காலம். இந்திய வம்சாவளியினருக்குப் பிரஜாவுரிமை கொடுக்கப் புதுச் சட்டம் வந்திருந்தது. பலாங்கொடையில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் நடமாடும் சேவை என்று அறிவித்தார்கள். எல்லா அரசாங்கக் கந்தோர்களும் ஒரே நாளில் ஒரே கூரையின் கீழ் மேசை போட்டு உட்காரும். மூன்றாம் மேசை பிரஜாவுரிமை. ஒன்பதாம் மேசை கலைஞர் கொடுப்பனவு. ஒன்பதாம் மேசையில் கலைஞர் என்று ஒரு கடிதம் வாங்கினால், அதைக் காட்டிக் கார்டில் தொழிலைப் போட்டுக்கொள்ளலாம் என்று கிராம சேவகர் யோசனை சொன்னார். நல்ல யோசனை. என்னைத் தவிர வேறு யாரிடம் சொல்லியிருந்தாலும் உருப்பட்டிருக்கும்.

நான் உட்கார்ந்து சிங்களத்தில் எழுதினேன். மூன்றாம் மேசைக்குச் சத்தியக் கடதாசி. பழைய மனு தள்ளுபடியான கதைதான் மனதில் ஓடியது. மெட்ராஸ் என்ற சொல் கடதாசியில் எங்காவது தலைகாட்டினால் தொலைந்தோம் என்று முடிவு செய்தேன். 'மேற்படி வேலாயுதம் பிறந்த நாள் தொட்டு இன்றுவரை இத்தோட்டத்தின் எல்லையைத் தாண்டி ஓரிரவும் தங்கியவரல்ல' என்று எழுதினேன். எழுதியும் பயம் போகவில்லை. 'கப்பல் என்பதைக் கண்ணாலும் கண்டதில்லை' என்று ஒரு வரி சேர்த்தேன். (கப்பலைப் பற்றி யாரும் கேட்கவில்லை.) பிறகு ஒன்பதாம் மேசைக்கு இன்னொரு சரித்திரம். அதில் மாமனார் கப்பல் ஏறினார், மெட்ராஸில் ஏழு வருடம் இருந்தார், ஏழு படத்தைப் பதினொன்றாக்கினேன், பூந்தொட்டி, காகம் எதையும் விடவில்லை. ஒன்றைச் சிவப்புக் கோப்பிலும் மற்றதை நீலக் கோப்பிலும் வைத்தேன். இரண்டிலும் கிராம சேவகரிடம் வெவ்வேறு நாட்களில் கையெழுத்து வாங்கினேன். மாமனாரிடம் சிவப்புக் கோப்பை வாசித்துக் காட்டவில்லை. "சும்மா வழக்கமா எழுதுறதுங்க மாமா" என்றேன். அழகான தமிழில் கையெழுத்துப் போட்டார்.

அவர் வாய் திறந்து உண்மையைச் சொல்லிவிட்டால்? அதற்கும் வழி கண்டுபிடித்தேன். முதல் நாள் மாலை தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"மாமா, மூணாம் மேசையில மட்டும் நீங்க காது கேக்காத மாதிரி இருந்தா நல்லம். நான் பேசிக்கிறேன்."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பேசும் படத்துக்கு எழுதினவன ஊமைப் படத்துல நடிக்கச் சொல்றீங்க."

"அஞ்சு நிமிஷம்தாங்க."

"சரி. கூலி இல்லாத வேஷம்தான், செஞ்சிருவோம்."

காலையில் மெட்ராஸில் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். பூச்சி தின்று, வலது தோளில் சட்டை தெரிந்தது. ராஜேஸ்வரி எட்டிப் பிடித்து ஊசி நூலால் நாலு தையல் போட்டாள். பஸ்ஸில் நான் நாலு தடவை கோப்புகளைத் திறந்து பார்த்தேன். ஐந்தாவது தடவை திறந்தபோது, "அது குட்டி போடாதுங்க மாப்ள" என்றார்.

மூன்றாம் மேசையில் எல்லாம் அருமையாக நடந்தது. அதிகாரி மூக்கைத் துடைத்துக்கொண்டே, "சீயாவுக்கு என்ன வயது?" என்று சிங்களத்தில் கேட்டார். சீயா என்றால் தாத்தா. மாமனார் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "காது கேக்காது மாத்தயா" என்று ஐயா போட்டுச் சொன்னேன். அதிகாரி நாற்காலியைத் தட்டினார், மேசையைத் தட்டினார், ஒரு தும்மல் போட்டார். மாமனாரின் இமைகூட அசையவில்லை. அப்படி ஒரு நடிப்பு. அதிகாரிக்கு இரக்கம் வந்துவிட்டது. "மத்தியானத்துக்குள் முடித்துத் தருகிறேன், உட்காரச் சொல்" என்றார். எனக்கு ஒரு வாரமாக நெஞ்சில் இருந்த கல் இறங்கியது. வயிற்றில் போய் உட்கார்ந்தது, அவ்வளவுதான்.

ஒன்பதாம் மேசை மண்டபத்தின் மறுகோடி. மிஸ் சின்ன வயது. நீலக் கோப்பைப் படித்துவிட்டு, பாட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்துவிட்டு எழுந்தே நின்றார்.

"ஐயா, நீங்க எழுதின வசனம் ஒண்ணு ஞாபகம் இருக்கா? ஒரு வரி சொல்லுங்களேன்."

அறுபது வருடத்தில் அவரிடம் யாரும் அதைக் கேட்டதில்லை. மாமனார் எழுந்தார். கோட்டுப் பொத்தானைப் போட்டார். நான் அவர் கையைப் பிடிப்பதற்குள் தொடங்கிவிட்டார்.

"மன்னா! உன் கோட்டை வாசலில் வேல் பிடித்து நிற்பவர்கள் வீரர்கள் என்று எண்ணாதே! அங்கே நிற்பது உன் பயம்! பூட்டுக்கு மேல் பூட்டாக நீ பூட்டிய கதவு பகைவனுக்குத் திறக்கும், உனக்குத் திறவாது!"

அந்தக் காலத்து மைக்குக்குக் கேட்கும்படி நடிகர்களுக்குப் பேசிக் காட்டிப் பழகிய தொண்டை. எண்பத்தொன்பது வயதிலும் ஒலிபெருக்கி வேண்டியிருக்கவில்லை. மண்டபம் அப்படியே அடங்கிப்போனது. பிறப்புச் சான்றிதழ் மேசையில் ஒரு குழந்தை அழுதது. யாரோ கை தட்டினார்கள், பிறகு நிறையப் பேர் தட்டினார்கள். மறுகோடியில் மூன்றாம் மேசை அதிகாரி, கைக்குட்டையை மூக்கில் வைத்தபடி எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த மிஸ் கெட்டவராக இருந்திருந்தால் நாங்கள் தப்பித்திருப்போம். நல்லவர். கண் கலங்கியிருந்தது.

"ஐயாவுக்கு அடையாள அட்டை இல்லையா? பிரஜாவுரிமை இன்னும் வரலையா? இருங்க, நானே போய் மூணாம் மேசையில சொல்லி உடனே எடுத்துத் தர்றேன்."

"வேணாம் மிஸ். மிஸ், நாங்களே பார்த்துக்கிறோம்... மிஸ், உங்களுக்கு வேலை இருக்கும்..."

நீலக் கோப்பைத் தூக்கிக்கொண்டு அவர் நடக்க, பின்னால் நான் ஓட, என் பின்னால் ராஜேஸ்வரி, அவளுக்குப் பின்னால் மாமனார், கைதட்டியவர்களுக்கு ஒரு கையை உயர்த்திக் காட்டியபடி. நடுவில் நின்ற கிராம சேவகரையும் மிஸ் கூட்டிக்கொண்டார். "இவர் கையெழுத்துப் போட்டிருக்கிறாரே, சாட்சிக்கு இருக்கட்டும்."

மூன்றாம் மேசையில் மிஸ் சிங்களத்தில் பெருமையாகச் சொன்னார். இந்தப் பெரியவர் சாதாரண ஆளல்ல, மெட்ராஸில் ஏழு வருடம் இருந்து பதினொரு படத்துக்கு வசனம் எழுதியவர் என்றார். அதிகாரி சிவப்புக் கோப்பைத் திறந்தார். நீலக் கோப்பையும் வாங்கிப் பக்கத்தில் வைத்தார். இரண்டும் ஒரே கை எழுதியது, என்னுடையது. எழுத்தை நான் அழகாக எழுதுவேன், வளைவுகள் அப்படியே இருக்கும். கிராம சேவகரைப் பார்த்தார். அவர் கூரையைப் பார்த்தார். "நான் இவர் காட்டிய இடத்தில் போட்டேன்" என்றார்.

"சீயாவுக்குக் காது கேட்குமா?" என்று அதிகாரி கேட்டார்.

"கேக்கும் மாத்தயா" என்றார் மாமனார், சிங்களத்தில். "அஞ்சு நிமிஷத்துக்குத்தான் கேக்காமப் போச்சு."

யாரும் சிரிக்கவில்லை. அதிகாரி சத்தியக் கடதாசியை உரக்க வாசித்தார். எல்லையைத் தாண்டவில்லை, ஓரிரவும் தங்கவில்லை, கப்பலைக் கண்ணாலும் கண்டதில்லை. மாமனார் முழுவதையும் கேட்டார். பிறகு மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். அடித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"பொய்ச் சத்தியம் என்றால் வழக்கு" என்றார் அதிகாரி. கோபமாகச் சொல்லவில்லை, களைப்பாகத்தான் சொன்னார். "எழுதிக் கொடுத்தவருக்கும் சேர்த்து. இரண்டில் எது உண்மை, அதைச் சொல்லுங்கள். மெட்ராஸுக்குப் போனீர்களா, இல்லையா?"

ராஜேஸ்வரி நாற்காலிக்குப் பக்கத்தில் குந்தினாள். "அப்பா, போகலன்னு சொல்லிருங்கப்பா. வழக்கு, பொலிஸ்னு திரும்ப நம்மால முடியாதுப்பா. அந்த ரெண்டு நாள் மாதிரி இன்னொரு ரெண்டு நாள் எனக்கு வேணாம்."

நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். அவர் கையை உயர்த்தினார், பெண் பார்த்த அன்று உயர்த்திய மாதிரியே.

"போகல மாத்தயா."

மிஸ்ஸுக்குப் புரியவில்லை. பாட்டுப் புத்தகத்தை நீட்டினார். "ஐயா, இதுல இலங்கை வேலாயுதம்னு போட்டிருக்கே!"

"அது வேற ஆளுங்க, மிஸ்."

"இப்ப சொன்ன வசனம்?"

"எங்கயோ கேட்டது."

மிஸ் பேனாவை மூடினார். நீலக் கோப்பின் மேல் ஏதோ எழுதினார். பாட்டுப் புத்தகத்தை மாமனாரின் மடியில் வைத்துவிட்டுத் தன் மேசைக்குப் போனார். போகும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தார். இந்தப் பெரியவர் தன்னை ஏமாற்றிவிட்டாரே என்று நினைத்திருப்பார்.

அதிகாரி சிவப்புக் கோப்பில் முத்திரை குத்தினார். குத்திவிட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு, சாவகாசமாக என்னிடம் சொன்னார்:

"எதற்கு இவ்வளவு பயந்து எழுதினாய்? இந்தச் சட்டத்தில் அறுபத்துநாலாம் ஆண்டிலிருந்து இங்கே இருந்தாரா என்றுதான் கேட்கிறது. அதற்கு முன்னால் மெட்ராஸில் இருந்தால் என்ன, சந்திரனில் இருந்தால் என்ன? உண்மையை எழுதியிருந்தாலும் கிடைத்திருக்கும்."

"அப்ப... மாத்தயா, அவர் போனார். மெட்ராஸுக்குப் போனார். மாத்திருங்க மாத்தயா" என்று உளறினேன்.

"இப்போதுதானே போகவில்லை என்றார்? மாற்றினால் முதலில் எழுதியது பொய்யாகும். எனக்கு இன்னும் நூற்றிருபது பேர் இருக்கிறார்கள், தம்பி."

மாமனார் நாற்காலியிலிருந்து எழ முயன்றார். முழங்கால் மடங்கியபடியே பிடித்துக்கொண்டது. நானும் ராஜேஸ்வரியும் ஆளுக்கொரு பக்கம் தூக்கினோம். தையல் போட்ட தோள் மறுபடி பிரிந்தது.

"விடுங்க மாப்ள" என்றார். "ரெண்டாந்தரம் எடுக்க இங்கயும் பிலிம் இல்ல."

திரும்பி பஸ் ஏறினோம். பின்னவலச் சந்தியில் ராஜேஸ்வரி தேத்தண்ணீர்ப் போத்தலைத் திறந்து அப்பாவுக்கு ஊற்றிக் கொடுத்தாள். எனக்கு ஊற்றவில்லை. "ஒங்க கையில பேனாவக் குடுத்தவன் யாருங்க?" என்று மட்டும் கேட்டாள்.

ஒரு மாதம் மாமனார் என்னோடு பேசவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டு அனுப்பினார்.

"மாப்ள, பேப்பர் எடுங்க. அந்த மிஸ் கந்தோருக்கு ஒரு கடுதாசி எழுதுவோம். நான் சொல்லுவேன், நீங்க எழுதணும். ஒரு சொல்லு கூட்டக் கூடாது."

மூன்று பக்கம் சொன்னார். ஏன் 'போகல' என்று சொன்னேன், யாருக்காகச் சொன்னேன், உண்மையில் எப்போது போனேன், எந்தப் படத்தில் எந்தக் காட்சி. ஏழு படம் ஏழாகவே இருந்தது. எங்கேயும் கெஞ்சவில்லை. நடுவில் நான் 'தயவுகூர்ந்து' என்று ஒரு சொல் நுழைத்ததை எப்படியோ கண்டுபிடித்து அடிக்க வைத்தார். நான் எழுதிய இருநூறு பெட்டிசத்தில் அப்படி ஒன்று இல்லை. முடிந்ததும், "எழுத்துக்கூலி?" என்று கையை நீட்டினார்.

"என்னங்க மாமா?"

"எழுதினது நான். நீங்க வெறும் பேனா. பக்கத்துக்கு முப்பது ரூபா. கம்பெனி வழக்கப்படி கொஞ்சம் கையில, மிச்சம் படம் ஓடுனப்புறம்."

சட்டைப் பையில் ஐம்பது ரூபாய் இருந்தது. கொடுத்தேன். வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

பதில் ஐந்து மாதத்தில் வந்தது. குறித்த பாட்டுப் புத்தகத்திலுள்ள நபர் வேறொருவர் எனத் தாங்களே கூறியுள்ளபடியால் மேற்கொண்டு கவனிக்க இயலாது. இரண்டே வரி. அவர் இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். நான் மிச்சக் காசை நீட்டினேன். "படம் ஓடல. ஓடாத படத்துக்குக் காசு கேக்குறது மரியாதையில்ல" என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

அடையாள அட்டை அதற்கும் பிறகு வந்தது. முழுவதும் சிங்களத்தில். லயத்து வாசலில் வெளிச்சத்துக்கு நீட்டிப் பிடித்து, "படிங்க" என்றார். பெயர் படித்தேன். பிறந்த திகதி படித்தேன். பிறந்த இடம் படித்தேன். தொழில் என்ற கோட்டுக்கு வந்ததும் நின்றுவிட்டேன். 'தொழிலாளி' என்று இருந்தது. சத்தியக் கடதாசியில் நான்தான் அப்படி எழுதியிருந்தேன். ஒரு சொல். வசனகர்த்தா என்று வாசித்தால் அவருக்குத் தெரியப் போவதில்லை. ராஜேஸ்வரியும் கதவடியில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அதைத்தான் வாசிக்கச் சொல்கிற மாதிரி. வாயைத் திறந்தேன்.

"போதும் மாப்ள" என்றார். "எந்த நடிகனும் ஒரு சொல்லுக்கு முன்னால இவ்வளவு நேரம் நிக்க மாட்டான்."

அட்டையை வாங்கித் தன் படத்தைக் கட்டைவிரலால் தடவினார். "போட்டோ நல்லா விழுந்திருக்கு. பேரும் போட்டுட்டாங்க. வசனம்தான் வேற ஆளு எழுதிட்டான்."

அந்த அட்டையைக் கொண்டு அவர் எங்கேயும் போகவில்லை. அடுத்த மழைக்காலத்தில் போய்விட்டார். மரணப் பதிவில் தொழில் கேட்டார்கள். அடையாள அட்டையில் உள்ளபடி என்று எழுதிக்கொண்டார்கள். எனக்கு வேலையே வைக்கவில்லை.

எங்கள் வீட்டில் இப்போது நான் எதையாவது நீட்டி விளக்கத் தொடங்கினால் பிள்ளைகள் கோரஸாகச் சொல்வார்கள்: "பிறந்த நாள் தொட்டு!" மகள் வேலைக்கு விண்ணப்பம் நிரப்பிய அன்று ராஜேஸ்வரி வீட்டிலிருந்த பேனாவை எல்லாம் பொறுக்கி அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்தாள். விருந்தாளிகள் வந்தால் சிவப்புக் கோப்புக் கதையை அவள்தான் சொல்வாள், அதிகாரி தும்முகிற மாதிரி தும்மியும் காட்டுவாள். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள், நானும்தான். 'போகல மாத்தயா' என்ற இடத்துக்கு வந்ததும் அவள் தேத்தண்ணீர் போட எழுந்து போய்விடுவாள். மீதியை நான்தான் சொல்லி முடிக்க வேண்டும்.

மூன்று பக்கம், பக்கத்துக்கு முப்பது. கையில் கொடுத்தது ஐம்பது. அவருக்கு நான் இன்னும் கொடுக்க வேண்டியது நாற்பது ரூபாய்.